கருமுட்டையைச் சூழ்ந்த உயிரணுக்கள் சொல்வதும் சொல்லாததும்

(நவராத்திரி விழாவின் ஆறாம் நாள் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



நவராத்திரி மேடையில் அம்பாளின் பெருமையைப் பேசாமல் கருமுட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்த வாத்தியார் என்று சிலர் நினைக்கலாம். நேற்றே ஓர் அன்பர் என்னிடம் கேட்டும் விட்டார். வெளியே அரச மரத்தடியில் கட்டியிருக்கும் சின்னஞ்சிறு தொட்டில்களைப் பாருங்கள் என்று அவருக்குச் சொன்னேன். ஒவ்வொரு தொட்டிலுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியிலிருந்து நெய்ப் பிரசாதம் வரவழைத்து உண்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களில் பலர் இங்கே பிராகாரத்தைச் சுற்றிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அங்கே நடப்பதை நாம் இந்த மண்டபத்தில் பேசுவதே இல்லை. இன்று பேசலாம் என்று தலைவர் அவர்கள் அனுமதி அளித்தார்.

இதற்குக் காரணம் ஒரு விண்ணப்பம். சென்ற ஆண்டு நமது மருத்துவ உதவி நிதிக்கு ஒரு தம்பதியர் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணவருக்கு 41 வயது, லாரி ஓட்டுநர். மனைவிக்கு 37 வயது, ஒரு தொழிற்சாலையில் கிராணி வேலை. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து இருமுறை சோதனைக் குழாய் முறைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கருக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் படம் பிடித்துக் காட்டி, நல்ல கரு என்றுதான் சொன்னார்கள். நான்கும் தங்கவில்லை. இப்போது வெளிநாட்டில் ஒரு புதிய பரிசோதனை இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கருமுட்டையைச் சுற்றியுள்ள உயிரணுக்களின் மரபணுக்களைப் பார்த்து எந்தக் கரு தேறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். மூன்றாம் முறைச் சிகிச்சைக்கும் அந்தப் பரிசோதனைக்கும் உதவ முடியுமா என்பது விண்ணப்பம்.

செயலவையில் சூடான வாதம் நடந்தது. கோயில் பணம் அன்னதானத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரியது, இதற்கெல்லாம் கொடுக்கலாகாது என்றார் ஒருவர். உண்டியலில் விழுந்த பணத்தில் பாதி பிள்ளை வரம் வேண்டிக்கொண்டு போட்டதுதானே என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியவன் என்ற ஒரே குற்றத்துக்காக, இதைப் பற்றி விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கருவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவி கட்டுரைகளைத் தேடித் தந்தார். புரியாத இடங்களைத் தொலைபேசியில் விளக்கினார். இந்த முறை மாணவர் நான்.

முதலில் கருமுட்டையைப் பற்றிக் கொஞ்சம். அது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அளவு உடையது. உடலின் மற்ற உயிரணுக்களோடு ஒப்பிட்டால் அது பெரிய யானை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் பத்து இருபது லட்சம் முட்டைகள் முதிராத நிலையில் இருக்கின்றன. புதிதாகப் பிறகு உண்டாவதில்லை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை நானூறு அளவில்தான். இதில் என்னைத் திகைக்க வைத்த கணக்கு ஒன்று உண்டு. உங்களை உண்டாக்கிய முட்டை உங்கள் தாயார் பிறப்பதற்கு முன்பே, உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்த அந்தச் சிசுவுக்குள் உருவாகிவிட்டது. மாணிக்கவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில் கரு ஒவ்வொரு மாதமும் எத்தனை ஆபத்துகளைப் பிழைத்து வருகிறது என்று பாடுகிறார். நான் சொல்ல வந்தது அந்த முதல் மாதத்துக்கும் முந்திய கதை.

முட்டை தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு உயிரணுக்கள் மொய்த்திருக்கும். மருத்துவர்கள் இவற்றைக் கியுமுலஸ் உயிரணுக்கள் என்கிறார்கள். லத்தீன் மொழியில் கியுமுலஸ் என்றால் குவியல். வானத்தில் பஞ்சுப் பொதிபோல் குவியும் மேகத்துக்கும் இதே பெயர்தான். புவியியல் பாடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். முட்டையின் தடித்த உறையைத் துளைத்துக்கொண்டு இந்த உயிரணுக்கள் நூல்போன்ற கைகளை நீட்டி முட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வழியே உணவும் செய்தியும் போகின்றன.

இவை என்ன செய்கின்றன என்பது ஒரே நாளில் தெரிந்ததல்ல. 1935-ல் அமெரிக்காவில் பின்கஸ், என்ஸ்மன் என்ற இருவர் முயலின் முட்டையைச் சினைப்பையின் கூட்டிலிருந்து வெளியே எடுத்தார்கள். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த முட்டை தானே முதிரத் தொடங்கியது. உரிய காலம் வரும் வரை அதை அடக்கி வைத்திருந்தது சுற்றுப்புறம்தான் என்று விளங்கியது. 1967-ல் பிக்கர்ஸ் என்பவரும் தோழர்களும் சுண்டெலியின் முட்டையில் வேறொன்றைக் கண்டார்கள். முட்டைக்குச் சர்க்கரையை நேரே கொடுத்தால் அதனால் பயன்படுத்த முடிவதில்லை. சுற்றியுள்ள உயிரணுக்கள் அதைப் பைருவேட் என்ற பொருளாக மாற்றிக் கொடுத்தால்தான் அது உண்கிறது. கைக்குழந்தைக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுவது போல.

ஆனால் இது ஒருவழிப் பாதை அன்று. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இதுதான். 1990-ல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் எப்பிக் என்பவருடைய குழுவினர் சுண்டெலியின் கியுமுலஸ் குவியலுக்குள்ளிருந்து முட்டையின் உட்பொருளை மட்டும் நீக்கிவிட்டார்கள். முதிரும் காலத்தில் இந்தக் குவியல் வழுவழுப்பான பசையைச் சுரந்து உப்பி விரிய வேண்டும். நம் கடைகளில் குளிர்பானத்தில் மிதக்கும் செலாசே விதையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஊறியதும் விதையைச் சுற்றிப் பசைப்படலம் விரியுமே, ஏறக்குறைய அப்படி. முட்டை இல்லாத குவியல் விரியவே இல்லை. பிறகு, வேறு முட்டைகள் ஊறிக் கிடந்த நீரில் அதை இட்டார்கள். விரிந்தது! ஆக, முட்டை சும்மா இருந்து ஊட்டப்படும் குழந்தை அல்ல. அதுவே உத்தரவும் இடுகிறது. அந்த உத்தரவுகளில் ஒன்று ஜிடிஎஃப் 9 என்ற புரதம். 1996-ல் ஹியூஸ்டன் நகரில் மார்ட்டின் மாட்சுக் குழுவினர் அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, பெண் எலிகள் எல்லாம் மலடாக இருந்தன. முட்டையைச் சூழ்ந்த கூடு தொடக்க நிலையிலேயே நின்றுபோயிற்று.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். முட்டை நன்றாக இருந்தால் அது நன்றாக உத்தரவிடும். உத்தரவைக் கேட்டுச் சுற்றியுள்ள உயிரணுக்கள் நன்றாக வேலை செய்யும். அப்படியானால் அந்த உயிரணுக்களின் வேலையைப் பார்த்து முட்டையின் தரத்தைச் சொல்ல முடியாதா? இதுதான் கேள்வி. நல்ல கேள்விதான்.

உயிரணுவின் வேலையை எப்படிப் பார்ப்பது? நம் உடலின் உயிரணுக்கள் அநேகமாக அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. கண்ணில் இருப்பதும் கல்லீரலில் இருப்பதும் அதே புத்தகம். எந்தப் பக்கம் திறந்து படிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. நமது அன்னதான மடப்பள்ளியை எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய சமையல் ஏடு ஒன்றுதான். அன்றைக்கு வேண்டியதை மட்டும் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார்கள். சாம்பாருக்கு எத்தனை சீட்டு, பாயசத்துக்கு எத்தனை சீட்டு என்று எண்ணினால் உள்ளே என்ன வேகிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். உயிரணுவிலும் மரபணுவைப் பார்த்து எழுதிய சீட்டுகள் உண்டு. அவற்றை எண்ணும் முறை பிசிஆர். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த முறையின் உறவுதான்.

2004-ல் அதே ஹியூஸ்டனில் மனிதக் கருமுட்டைகளைச் சூழ்ந்த உயிரணுக்களில் இப்படி எண்ணிப் பார்த்தார்கள். பசையைச் செய்யும் ஹெச்ஏஎஸ் 2, வலி மாத்திரைகள் அடக்குகின்றனவே அந்த காக்ஸ் 2, கிரெம்லின் 1 என்ற மூன்று மரபணுக்களின் சீட்டுகள், பின்னர் நல்ல கருவாக வளர்ந்த முட்டைகளைச் சுற்றி அதிகமாக இருந்தன. 2008-ல் பிரான்சின் மோன்பெலியே நகர ஆராய்ச்சியாளர்கள், கருவின் தோற்றத்தோடு நில்லாமல், கருத்தரித்ததா இல்லையா என்பதோடும் ஒப்பிட்டுப் பார்த்து வேறு சில மரபணுக்களைச் சொன்னார்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் குழு ஒன்று, இந்த அளவையும் கருவின் தோற்றத்தையும் சேர்த்துப் பார்த்து ஒரே ஒரு கருவைத் தேர்ந்து வைத்ததில் பலன் கூடியதாக 2019-ல் வெளியிட்டது.

இதில் உள்ள பெரிய நன்மையை மறைக்கக்கூடாது. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை 1992-ல் அதே பிரஸ்ஸல்ஸில் வெற்றி கண்டது. இன்று எங்கும் நடக்கிறது. அதற்கு முன் இந்த உயிரணுக்களை ஒரு நொதியால் கரைத்து உரித்துவிடுவார்கள். உரித்ததைக் கொட்டிவிடுவார்கள். கொட்டப்போகும் பொருளிலிருந்து தகவல் கிடைக்கிறது. கருவின் மேல் கை படுவதே இல்லை. கருவிலிருந்தே சில உயிரணுக்களைக் கிள்ளி எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மென்மையானது!

இப்போது வழக்கத்தில் இருப்பது என்ன? உருவத்தைப் பார்த்து மார்க் போடுவதுதான். மூன்றாம் நாள் எட்டு உயிரணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, ஐந்தாம் நாள் பந்துபோல் விரிந்திருக்கிறதா என்று பார்த்து எண்ணும் எழுத்தும் கொடுக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட வழக்கில் சொன்னால், கையெழுத்தைப் பார்த்து மார்க் போடுவது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்து கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தோட்டத்து லயத்தில் அவன் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். கியுமுலஸ் பரிசோதனை அப்படி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது.

ஆனால் வீட்டைப் பார்த்துப் பிள்ளை தேறுவானா என்று சொல்ல முடியுமா? பாதிதான் சொல்லலாம். கரு உண்டான முதல் இரண்டு மூன்று நாட்கள் தாயின் முட்டையில் சேமித்து வைத்திருந்த சீட்டுகளைக் கொண்டே அது வாழ்கிறது. நான்கு முதல் எட்டு உயிரணுக்கள் ஆகும் கட்டத்தில்தான் கரு தன் சொந்த மரபணுக்களைப் படிக்கத் தொடங்குகிறது என்பதை 1988-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு தகப்பனின் பங்கும் பேசத் தொடங்கும். கருப்பை ஏற்கவேண்டும். வயது ஏற ஏற முட்டையின் குரோமோசோம் பிரிவதில் தவறு கூடும். சுற்றியிருக்கும் உயிரணுக்களின் சீட்டுகளில் இவற்றையெல்லாம் நேரடியாகப் படிக்க முடியாது.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மரபணுப் பட்டியல் மாறுகிறது. ஓரிடத்தில் பொருந்தியது மறு இடத்தில் பொருந்துவதில்லை. பெண்ணின் வயது, உடல் எடை, சினைப்பை நீர்க்கட்டி நோய், போடப்பட்ட ஹார்மோன் ஊசி இவை எல்லாமே சீட்டுகளின் எண்ணிக்கையை மாற்றிவிடுகின்றன. பல ஆராய்ச்சிகள் சிறிய அளவில் நடந்தவை. 2004-லிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இது உலகெங்கும் வழக்கமான பரிசோதனையாக ஆகவில்லை. ஆராய்ச்சியாளர்கள் மீது எனக்குக் குறையில்லை. விற்பவர்கள் சிலர் முந்திக்கொள்வதுதான் உறுத்துகிறது.

நூற்றொரு குடங்களில் கௌரவர்கள் வளர்ந்த கதையைக் காட்டி இதெல்லாம் நம் முன்னோர் அன்றே செய்தது என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதிகாசத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையுமில்லை. பெருமைப்பட வேண்டுமானால், 1983-ல் பக்கத்துச் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்குக் காரணமான மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் இலங்கைத் தமிழர் என்று பெருமைப்படுங்கள். அது ஆவணத்தில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்குத் திரும்புகிறேன். என் மாணவி கேட்ட ஒரே கேள்வியில் விஷயம் தெளிவாகிவிட்டது. "சார், அவங்களுக்கு எத்தனை கரு கிடைச்சது?" இரண்டு என்றேன். "ரெண்டுல எதைப் பொறுக்கறது சார்? ஒண்ணை வெச்சு, தங்கலைன்னா உறைய வெச்ச மத்ததையும் வைக்கத்தானே போறாங்க."

சட்டென்று புரிந்தது. இந்தப் பரிசோதனை கெட்ட கருவை நல்ல கருவாக்குவதில்லை. பத்துக் கருக்கள் இருந்தால் எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்த உதவலாம். காத்திருக்கும் மாதங்கள் குறையலாம். ஒரே சமயத்தில் மூன்று நான்கு கருக்களை வைத்து, குறைமாத இரட்டையரும் மூவரும் பிறந்து தாயும் சேயும் தவித்த பழைய காலத்தைப் பார்த்தால், சரியான ஒன்றைத் தேர்வது பெரிய காரியமே. ஆனால் இரண்டே மாணவர் உள்ள வகுப்பில் முதல் ரேங்க் யாருக்கு என்று அறியப் பெரிய தேர்வு வைத்து என்ன பயன்?

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் இந்த உரை முழுமையாகாது. இந்தப் பரிசோதனை பெண்ணின் உயிரணுவை மட்டுமே படிக்கிறது. நாளை தாளில் ஓர் எண் வரும். அது குறைவாக இருந்தால் மாமியார் கையில் அது என்னவாகும்?

என் அக்காவுக்கு 1960-களின் இறுதியில் ஒரு தோட்டத்தில் கல்யாணம் நடந்தது. ஏழு வருடம் பிள்ளை இல்லை. காப்பு கட்டு, வளைகாப்பு என்று எதற்கும் அழைக்கமாட்டார்கள். தப்பித்தவறிப் போனால் பின்வரிசையில் நிற்பார். அத்தானை எந்த டாக்டரும் பார்த்ததில்லை; பார்க்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எட்டாம் வருடம் அவருக்கு வேறு பெண் கட்டி வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை இல்லை. அப்போதும் இரண்டு மலடிகள் என்றுதான் ஊர் சொன்னது. அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, என் பிள்ளைகளை வளர்த்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். பிள்ளையின்மையில் ஏறக்குறையப் பாதி வழக்குகளில் ஆண் பக்கமும் காரணம் உண்டு என்பது இன்று மருத்துவர்கள் எல்லாரும் சொல்வது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் இந்தக் குறை நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. இந்த மண்டபத்தில் இப்போது எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதியர் கொடுத்த கோப்பில் மனைவியின் தாள்கள் நாற்பதுக்கும் மேல். கணவருடையது ஒரே ஒரு தாள். அதுவும் முதல் சிகிச்சைக்கு முன் எடுத்தது.

இருவரையும் ஆலய அலுவலகத்துக்கு வரவழைத்து, இன்று உங்களிடம் சொன்னதையெல்லாம் இன்னும் எளிமையாகச் சொன்னேன். கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா நடுவில் ஒன்றுமே பேசவில்லை. கடைசியில்தான் கேட்டார்: "அப்படின்னா என் முட்டைதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாதா சார்?"

"முடியாதும்மா. அந்தப் பரிசோதனை செஞ்சாலும் சொல்ல முடியாது."

அவர் அழுதார். கணவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நானும் திரும்பப் பார்த்துக்கிறேன் சார்" என்றார். அவர்கள் இப்போது சிகிச்சையில் இருக்கிறார்களா, என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அவர்களைக் கேட்பதில்லை.

செயலவை அதன்பின் எடுத்த முடிவுகள் இவை. பிள்ளைப்பேறு சிகிச்சைக்கு மருத்துவ உதவி நிதியிலிருந்து ஒரு பகுதி வழங்கப்படும். கணவன் மனைவி இருவருடைய அண்மைய பரிசோதனைத் தாள்களும் இணைக்கப்பட வேண்டும். ஒருவருடையது மட்டும் வந்தால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும் செலவை நிதி முழுமையாக ஏற்கும். கியுமுலஸ் பரிசோதனை போன்ற கூடுதல் பரிசோதனைகளுக்குப் பணம் கேட்டால், அதன் முடிவு சிகிச்சையில் எதை மாற்றும் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். நேர்காணலுக்கு இருவரும் சேர்ந்து வரவேண்டும். மாமியார்கள் வெளியே காத்திருக்கலாம், காப்பி தரப்படும்.

விண்ணப்பப் பாரங்கள் ஆலய அலுவலகத்தில் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் மாலை பூசைக்குப் பின் நான் அங்கேதான் இருப்பேன். கூச்சமாக இருப்பவர்கள் பெயர் சொல்லாமலே வந்து பேசலாம்.